நீல ஜாடியில் ஒரு பல்

எல்லா வீட்டுக் குளியலறைத் தட்டிலும் பல் தேய்க்கும் பிரஷ் இருக்கும். அணிலின் வீட்டில் பிரஷ்ஷுக்கு மேல் தட்டில் பற்களே இருந்தன.

இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீல மூடி. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி பற்கள். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது முகம் கழுவப் போனால், உள்ளேயிருந்து தண்ணீர் சத்தத்துக்கு முன்னால் "ஐயோ!" என்ற சத்தம்தான் வரும். அதைக் கேட்பதற்கென்றே அணில் கதவுக்கு வெளியே காத்திருப்பாள்.

அணில் என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். அவளுடைய முன்பற்கள் இரண்டும், வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவை போலக் கொஞ்சம் எட்டி நிற்கும். அவற்றை உள்ளே போகச் சொல்லி அடுத்த மாதம் கம்பி போடப் போகிறார்கள்.

ஜாடியில் இருந்த பற்கள் சித்தியுடையவை. அதாவது சித்தியின் வாயில் இருந்தவை அல்ல, சித்தியின் ஆராய்ச்சிக்கானவை. சித்தி பல் மருத்துவம் முடித்துவிட்டு, கோணல் பற்களை நேராக்குவதற்காக மேற்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி ஆய்வகத்தின் கூரை ஒழுகியதால் அங்கே பழுது பார்க்கும் வேலை நடந்தது. அதனால் பேராசிரியரிடம் அனுமதி கேட்டு ஜாடிகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"இதுங்களை வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று அம்மா கேட்டார்.

"உன் ஸ்பேனர் பெட்டி சாப்பாட்டு மேசை மேலயே இருக்குதேக்கா. நான் ஏதாவது சொன்னேனா?" என்றார் சித்தி.

அம்மா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதற்குப் பிறகு அவர் பற்களைப் பற்றிப் பேசவே இல்லை.

அணில் சும்மா இருப்பாளா? ஜாடிகள் வந்த அன்றே சித்தியைத் துளைத்தெடுத்துவிட்டாள். அது என்ன, இது என்ன, ஏன் எல்லாப் பல்லுக்கும் நகப்பூச்சு பூசியிருக்கிறது, எங்கேயாவது விசேஷத்துக்குப் போகின்றனவா?

சித்தி ஒரு பல்லை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். பல்லின் நடுவில் ஒரு குட்டி உலோகத் துண்டு ஒட்டியிருந்தது.

"இதுதான் பிராக்கெட். முதல்ல இதைப் பசை போட்டுப் பல்லுல ஒட்டுவோம். இதுக்குள்ளதான் கம்பி போகும். பிராக்கெட்டைச் சுத்தி இருக்கிற இடுக்குல சாப்பாடு போய் ஒளிஞ்சுக்கும். சரியா தேய்க்கலைன்னா அங்க கிருமி உட்கார்ந்து புளிப்பு அமிலத்தை உண்டாக்கும். அது பல்லோட எனாமலை அரிச்சுடும். எனாமல்னா பல்லோட மேல்தோல் மாதிரி. அப்புறம் ஒருநாள் கம்பியைக் கழட்டுவாங்க. பல்லு நேரா இருக்கும். ஆனா பிராக்கெட் இருந்த இடத்தைச் சுத்தி, சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையா ஒரு வளையம் இருக்கும்."

"தேய்ச்சா போகாதா?"

"லேசுல போகாது. அது வராம இருக்க ஏதாவது பண்ண முடியுமான்னுதான் பார்க்கிறேன். சிவப்பு ஜாடிப் பல்லுல எல்லாம் ஒரு விசேஷமான பசை. அது கொஞ்சம் கொஞ்சமா ஃபுளோரைடை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். உன் பற்பசையில இருக்கே, அதே ஃபுளோரைடுதான். எனாமலைக் கெட்டியாக்கும். நீல ஜாடியில இருக்கிறது சாதாரணப் பசை. ஒட்டும், அவ்வளவுதான்."

"நகப்பூச்சு எதுக்கு?"

"பிராக்கெட்டைச் சுத்தி இருக்கிற இடத்துல மட்டும் புளிப்புத் தண்ணி படணும். மத்த இடத்தை மூடத்தான். எது எந்தப் பசைன்னு குழம்பாம இருக்க ரெண்டு நிறம்."

தினமும் காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது சித்தி இரண்டு ஜாடிகளிலும் புளிப்புத் தண்ணீர் ஊற்றுவார். சாயங்காலம் வந்ததும் பற்களைக் கழுவி, எச்சில் போலவே செய்து வைத்திருக்கும் இன்னொரு தண்ணீரில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை பற்களுக்கும் விடுமுறை.

அந்தப் பற்களில் ஒன்று அணிலுடையது.

கம்பி போட வேண்டுமென்றால் பற்கள் நகர்ந்து போக இடம் வேண்டும். அவள் வாயில் இடம் போதவில்லை என்று ஓரத்துப் பற்கள் சிலவற்றை எடுத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைச் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டார். எந்தப் பல்லுக்கு எந்தப் பசை என்பதைச் சித்தி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாதாம். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். சீட்டு எடுத்தது யார்? அணிலேதான். தன் பல்லின் முறை வந்தபோது, தன் கையாலேயே நீலச் சீட்டை எடுத்துத் தொலைத்தாள்.

"இன்னொரு தடவை எடுக்கட்டுமா சித்தி?"

"ஊஹூம். எடுத்தது எடுத்ததுதான்."

வாயில் இருந்தவரை அந்தப் பல்லை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஜாடிக்குள் போன பிறகுதான் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. வேர் கொஞ்சம் வளைந்திருக்கும். அதனால் எத்தனை பற்களுக்கு நடுவில் இருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும். புளிப்புத் தண்ணீர் உள்ளே விழும்போது அவளுக்கே பல் கூசியது.

முதல் நாள் சித்தியின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் அணில் குளியலறைக்குள் போனாள். இடுக்கியால் தன் பல்லை மெல்ல எடுத்தாள். சிவப்பு ஜாடிக்குள் விட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் இங்க இரு. நல்ல பசை போட்டவங்களோட ஒட்டிக்கோ," என்று அதன் காதில் சொன்னாள். பல்லுக்கு ஏது காது? இருந்தாலும் சொன்னாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சித்தி வருவதற்குள் அதை எடுத்து மறுபடி நீல ஜாடியில் போட்டுவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை, ஒரே ஒரு பல்தானே என்று நினைத்துக்கொண்டாள். போகப்போக, பல் தேய்ப்பது போல அதுவும் ஒரு தினசரி வேலையாகிவிட்டது.

பல வாரங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சித்தி எல்லாப் பற்களையும் வெளியே எடுத்தார். திங்கட்கிழமை பேராசிரியரிடம் காட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். ஸ்பேனர் பெட்டி மரியாதையாகத் தரைக்கு இறங்கியது.

"ஈரமா இருக்கும்போது வெள்ளை தெரியாது. காய்ஞ்சாத்தான் தெரியும்," என்று சொல்லி, சித்தி ஒரு ரப்பர் பந்தை அமுக்கி ஒவ்வொரு பல்லின் மேலும் காற்று விட்டார். மேசை விளக்குக்குக் கீழே பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

சிவப்பு ஜாடிப் பற்கள் பெரும்பாலும் பளிச்சென்று இருந்தன. நீல ஜாடிப் பற்களில் பிராக்கெட்டைச் சுற்றி மங்கலாக, மாவு ஒட்டியது போல, வெள்ளை வளையங்கள் தெரிந்தன.

"அக்கா! வேலை செய்யுதுக்கா! பசை வேலை செய்யுது!" சித்தி நாற்காலியிலிருந்து குதிக்காத குறைதான்.

கடைசியாக ஒரு நீலப் பல்லை எடுத்தார். காற்று விட்டார். பார்த்தார். மறுபடி காற்று விட்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

வளைந்த வேர். அணில் மேசையை விட்டுப் பின்வாங்கிச் சுவரோரம் போனாள்.

"இதுல வளையமே இல்லையே," என்றார் சித்தி.

"நல்லதுதானே?" என்று கேட்டார் அம்மா.

"எப்படிக்கா நல்லது? இது சாதாரணப் பசை. வளையம் வந்தே ஆகணும்." சித்தி பல்லைத் துணியில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு பசையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒட்டின அன்னைக்கு நான் பேசிக்கிட்டே ஒட்டினேன். மாத்தி ஒட்டிட்டேன் போல."

"ஒண்ணுதானே? அதை மட்டும் தூக்கிப் போட்டுடேன்."

"ஒண்ணுல மாத்தி ஒட்டினவ மத்ததுல ஒழுங்கா ஒட்டினான்னு என்ன நிச்சயம்? நீ மாட்டின லிஃப்ட்ல ஒரு போல்ட் தப்பா இருந்துச்சுன்னா, அதை மட்டும் மாத்திட்டுப் பேசாம வீட்டுக்கு வந்துடுவியா?"

அம்மா அப்படி வர மாட்டார். எல்லா போல்ட்டையும் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

"எல்லாத்தையும் முதல்ல இருந்து பண்ணணும்," என்றார் சித்தி. குரல் தழுதழுத்தது. "பல்லு சேர்க்கிறதுக்கே எத்தனை மாசம் ஆச்சு! என்கூடப் படிக்கிறவங்க எல்லாம் முடிச்சுட்டுப் போயிடுவாங்க. சரி, யாரைச் சொல்லி என்ன பண்றது? என் கவனக்குறைவு. பேராசிரியர் மேடத்துக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அணில் சுவரோரம் நின்றாள். அவள் செய்ததை யாரும் பார்க்கவில்லை. யாரும் அவளைச் சந்தேகப்படவும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சித்தி, தான் செய்யாத தப்பைத் தான் செய்ததாக நம்பிக்கொண்டு போனை எடுக்கிறார்.

"சித்தி, போனை வைங்க."

"இரு அணிலு, அப்புறம் பேசலாம்."

"நீங்க மாத்தி ஒட்டலை சித்தி. நான்தான் மாத்தி வெச்சேன்."

சித்தி திரும்பிப் பார்த்தார். அணில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவது, இடுக்கி, சிவப்பு ஜாடி, சாயங்காலம் திரும்ப எடுத்து வைப்பது, எல்லாம்.

"தினமுமா?" என்று கேட்டார் சித்தி.

"ஞாயித்துக்கிழமை தவிர."

"அணிலு!" என்று அம்மா அதட்டினார். சித்தி கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினார்.

"ஏன் அப்படிப் பண்ணினே?"

"பாவமா இருந்துச்சு. நான்தானே அதுக்கு நீலச் சீட்டை எடுத்தேன்? என்னாலதான் அது கெட்டுப்போகுதுன்னு…" அதற்கு மேல் பேச முடியவில்லை. அழுகை முந்திக்கொண்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன் பல்லை அப்பவே உன் கையில குடுத்திருப்பேனே," என்றார் சித்தி.

திட்டியிருந்தால் தேவலை. இதைக் கேட்டதும் அணிலுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அம்மா தண்ணீர் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் கொடுத்தார். சித்தி அந்த வளைந்த வேர்ப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பேசியபோது கோபம் கொஞ்சம் விலகி, யோசனை வந்து உட்கார்ந்திருந்தது.

"சிவப்பு ஜாடியில எல்லாப் பல்லும் ஒரே தண்ணியிலதான் கிடக்கு. அந்தப் பசையில இருந்து வர்ற ஃபுளோரைடு தண்ணியில கலந்திருக்கும். பக்கத்துல உட்கார்ந்த புண்ணியத்துல உன் பல்லும் தப்பிச்சிருக்கலாம்."

"அப்போ உங்க பேருல தப்பு இல்லைதானே?" அணில் கண்ணைத் துடைத்தாள்.

"நீ சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் நம்பினாப் போதாது. உன் பல்லுல வளையம் வராததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். நீ ஜாடி மாத்தி வெச்சது ஒண்ணு. நான் பசையை மாத்தி ஒட்டியிருக்கிறது இன்னொண்ணு. ரெண்டுல எதுவா இருந்தாலும் பல்லு இப்படித்தான் இருக்கும். மேடம் கேட்டா நான் எதைச் சொல்ல?"

அணில் பல்லைப் பார்த்தாள். நீல நகப்பூச்சு போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதது போலப் படுத்திருந்தது அது. எந்தப் பசை என்று அதனிடமே கேட்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கேட்க முடியாதா என்ன?

"சித்தி, அதைத் தனியா ஒரு கிண்ணத்துல போடலாமா? புளிப்புத் தண்ணியில. பக்கத்துல உதவிக்கு யாரும் இல்லாம." அணில் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள். "அதுல நல்ல பசை இருந்தா, தனியா இருந்தாலும் அதுவே அதைக் காப்பாத்திக்கும். சாதாரணப் பசையா இருந்தா வளையம் வந்துடும். வளையம் வந்துச்சுன்னா நீங்க சரியாத்தான் ஒட்டியிருக்கீங்கன்னு அர்த்தம்."

சித்தி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா, 'எனக்கென்ன தெரியும், எனக்கு லிஃப்ட்தான் தெரியும்' என்பது போலத் தோளைக் குலுக்கினார்.

"ஆனா அணிலு, வளையம் வந்துச்சுன்னா உன் பல்லு வீணாப் போயிடும்."

"தெரியும்."

"இத்தனை நாளா பொத்திப் பொத்திக் காப்பாத்தியிருக்கே."

"தெரியும் சித்தி. நானே போடறேன்."

சித்தி பேராசிரியருக்கு போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் உயர்ந்த குரல் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க அணிலின் தலை குனிந்துகொண்டே போனது. பிறகு குரல் தணிந்தது. சித்தி போனை வைத்துவிட்டு வந்தார்.

"குழந்தை கைக்கு எட்டற இடத்துல வெச்சியான்னு எனக்குச் சரியான திட்டு. அதுவும் நியாயம்தான். ரெண்டு வாரம் பொறுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. உன் பல்லு எப்படி ஆனாலும் அதைக் கணக்குல சேர்க்கக் கூடாதாம். ஏன் சேர்க்கலைன்னு மட்டும் எழுதணுமாம்."

திங்கட்கிழமை காலை, ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் தட்டில் வந்து உட்கார்ந்தது. சித்தி புளிப்புத் தண்ணீர் ஊற்றினார். அணில் இடுக்கியால் தன் பல்லை எடுத்து அதற்குள் விட்டாள். இந்த முறை அதன் காதில் எதுவும் சொல்லவில்லை.

பற்கள் திரும்பப் போயிருந்த சிவப்பு ஜாடியை எங்கேயாவது வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சித்தி கிளம்புவார் என்று அவள் நினைத்தாள். சித்தி அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன் அணிலு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. அணில் குளியலறைப் பக்கமே போகாமல், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே பள்ளிக்குக் கிளம்பினாள்.

முதல் வாரக் கடைசியில் பார்த்தபோது ஒன்றுமில்லை. சித்தி அன்று இரண்டு தடவை சாதத்தில் உப்புப் போட்டார்.

"பல்லுல ஏற்கெனவே கொஞ்சம் ஃபுளோரைடு ஏறியிருக்கும்ல? அதனால மெதுவாத்தான் வரும்," என்று அணிலுக்குச் சொன்னார். தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டது போலத்தான் இருந்தது.

அந்த வாரம் அணிலுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வளையம் வராவிட்டால் சித்தியின் உழைப்பு அத்தனையும் வீண். வளையம் வந்தால் பல் போச்சு. ராத்திரி படுத்தால், எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை மறுபடி மேசையில் துணி விரித்தார்கள். சித்தி பல்லைக் கழுவி விளக்குக்குக் கீழே வைத்தார். ரப்பர் பந்தை எடுத்தவர் அதை அணிலின் கையில் கொடுத்தார்.

"நீயே காத்து விடு. என் கை நிக்க மாட்டேங்குது."

அணில் பந்தை அமுக்கினாள். புஸ். ஈரம் பளபளத்தது. வெள்ளை எதுவும் தெரியவில்லை. புஸ். புஸ். பிராக்கெட்டின் ஓரத்தில் இருந்த கடைசிச் சொட்டும் ஓடிப்போனது. பூதக்கண்ணாடிக்குள் அணிலின் ஒரு கண்ணும் சித்தியின் ஒரு கண்ணும் இடித்துக்கொண்டன.

முதலில் கீழ் ஓரத்தில் ஒரு கோடு வெளுத்தது. அப்புறம் பக்கவாட்டில். பல் காயக் காய, உலோகத் துண்டைச் சுற்றி ஒரு வளையம், மெல்ல, மங்கலாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் வெளியே வந்தது.

"சித்தி…"

"பார்த்தேன்."

"வந்துடுச்சு சித்தி!"

"பார்த்தேன்டி தங்கம்!" சித்தி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அணிலுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று தோன்றியது.

அப்போதுதான் வேலை முடிந்து வந்த அம்மா, கையில் கிரீஸோடு வாசலில் நின்றார். "என்ன அமர்க்களம் இது? கீழ்வீடு வரைக்கும் கேட்குது!"

"அம்மா! என் பல்லு கெட்டுப்போச்சும்மா!" என்று அணில் துள்ளிக் குதித்தாள். "நல்லாக் கெட்டுப்போச்சு! வந்து பாரேன்!"

அம்மா தங்கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஊருல எல்லாப் பிள்ளைங்களும் பல்லு கெட்டுப்போனா அழும். எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கீங்க பாருங்க," என்று சொல்லிக்கொண்டே, கையைத் துடைத்துவிட்டு அவரும் பூதக்கண்ணாடிக்குள் குனிந்தார்.

அணில் பல்லை உள்ளங்கையில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு அழகான கெட்ட பல்லை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.